ஞானகுமாரி பையிலிருந்த மனு

கரையான்சாவடிக்கு மேற்கே எங்கள் தெருவில் வந்த கல்யாணப் பத்திரிகைகளைவிட ஞானகுமாரி எழுதிய மனுக்கள் அதிகம். மண்ணூர்பேட்டைக் கழிவுநீருக்கு ஒன்று, பருத்திப்பட்டில் ஏரி மண் அள்ளிய லாரிகளுக்கு ஒன்பது. "கையெழுத்து கேட்டு வந்தா, கழுத்த நீட்டிட்டேன்" என்பார் புருஷன் டேவிட்.

87இல் தெருக்கோடிக் கிணற்றுக்காரர் வேம்புலிக்காகவும் ஞானகுமாரி ஒன்று எழுதினார்: ஏழை விவசாயி, கிணற்றுக்கு இலவச மின்சாரம் தேவை. கிடைத்தது. வேம்புலி இரண்டு வருடம் கீரை போட்டார். பிறகு கிணற்றுக்குள் ஆழ்துளை போட்டு, கீரையை விட்டுவிட்டுத் தண்ணீர் விற்றார். தொண்ணூற்று மூன்றில் தினம் நாற்பது லாரி. தெருக் கிணறுகள் எல்லாம் வறண்டன. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் வேம்புலி பிடிக்கவிடும் குடம்தான் தெருவுக்கு மிச்சம்.

விவசாய மின்சாரத்தில் வியாபாரம் என்று ஞானகுமாரி புகார் எழுதினார். அறுபத்திரண்டு கைநாட்டு.

வேம்புலி சிரித்தார். "நீ வாங்கிக் குட்த்த கரண்ட்ட நீயே புடுங்குவியாம்மா?"

"கீரைக்குதான் வாங்கினேன் அண்ணாத்தே, லாரிக்கில்ல."

"உன் கொடம் எங்க ரொம்புது?"

ஞானகுமாரி பக்கத்து வீட்டு அங்கம்மாவோடு மின்சார ஆபீசுக்குப் போனார். அதிகாரி பழைய ஃபைலை எடுத்தார். இரண்டு மனுவிலும் ஒரே கையெழுத்து.

"நாளைக்கே ஒயரை அவுத்துடலாம். மோட்டார் மொத்தமா நிக்கும். லாரிக்கு மட்டும் நிறுத்துற சுவிட்ச் எங்ககிட்ட இல்லம்மா."

அங்கம்மா முந்தானையை இழுத்தார். "அப்ப கொடத்துக்கு இன்னாம்மா வழி?"

ஞானகுமாரி மனுவை மடித்துப் பையில் வைத்தார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் தெருவுக்கு ஒரு அடிபம்பு வேண்டுமென்று வேறு ஆபீசுக்கு எழுதினார். அது வந்தால் இதைக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

பம்பு வர இரண்டு வருடம். மாலை போட்டுத் தேங்காய் உடைத்து அடித்தார்கள். காற்றுதான் வந்தது.

பம்பு இறக்கியவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துல அந்த மோட்டார் ஓடற வரைக்கும் இதுல தண்ணி ஏறாதும்மா. அத்த நிறுத்துங்க, தானா வரும்."

"எத்தினி நாள்ல?"

"ஒரு மழைக்காலம் ஆவும்."

ஒரு மழைக்காலம் வரை தெரு எதைக் குடிக்கும்? மனு பையிலேயே இருந்தது.

மறுநாள் காலை குடத்தோடு வரிசையில் கடைசியாக நின்றார்.

வேம்புலி குழாயைத் தூக்கிக் காட்டினார். "மனு எழுதற அம்மாவுக்கு மொதல்ல வுடுங்கப்பா!"

"நான் வரிசையிலயே வரேன்."

"அட புடிம்மா" என்று முதுகில் தள்ளினார் அங்கம்மா. "லாரி வந்துகினு கீது."

ஞானகுமாரி குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தார்.