பெருக்காத நாளும் நின்ற மெஷின்

எண்பதுகளின் கடைசியில், திருமங்கலம் போகிற சாலையில் இருந்த ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். வண்டியூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுதான் என் படிப்பு. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போய்வர வேலையாட்களில் எனக்கு மட்டும்தான் அனுமதி. அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

ஒரு பெரிய மெஷின், அதிலிருந்து ஒயர் இழுத்து எட்டுத் திரை. மெஷினை உள்ளிருந்து நடத்துகிற புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். பாடத்துக்காக அதை, அங்கே வகுப்பெடுத்த சாரும் டீச்சரும் தாங்களே எழுதியிருந்தார்கள். ஒரு மாதமாக, பல நாள் மூன்று மணி வாக்கில் எட்டுத் திரையும் அப்படியே நின்றுபோயின. நான் பெருக்குவது இரண்டரைக்கு.

"ஒயரைத் தட்டிவிட்டுர்றம்மா நீ. நாளையிலேர்ந்து உள்ள வராத, வராண்டாவப் பாரு," என்றார் சார், மாணவர்கள் எல்லோரும் இருக்கும்போதே.

"விளக்குமாத்தப் பாத்துப் பயந்துருச்சு சார்," என்றான் ஒருத்தன். சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து வராண்டாவைப் பெருக்கிக்கொண்டே கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவந்தேன். இரண்டு வாரம் கழித்து டீச்சரை நிறுத்திச் சொன்னேன்.

"நான் பெருக்காத நாளும் நிக்கிது டீச்சர். புள்ளைக கம்மியா வந்த அன்னைக்கு நிக்கல. அணைச்சுப் போட்டா மறுபடி ஓடுது."

டீச்சர் புரோகிராம் அச்சடித்த கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை காகிதங்களைப் புரட்டிவிட்டு வெளியே வந்தார்.

"மெமரிய ஒரே அளவு துண்டா வெட்டி வச்சிருக்கும்மா. ஒரு துண்டுக்குப் பேரு பேஜ். புரோகிராம் கேக்கக் கேக்க, காலியா இருக்குறத எடுத்துக் குடுக்கணும். முடிஞ்சதும் திரும்ப வாங்கி, காலின்னு குறிக்கணும். குடுக்கிறது நடக்குது, குறிக்கிறது விட்டுப்போச்சு."

"ஹாஸ்டல் மெஸ்ஸுல தின்ன தட்ட ஜன்னல்லயே வச்சுட்டுப் போறானுகள்ல, அந்த மாதிரியா? தட்டு அம்புட்டும் கெடக்கும். வாரவனுக்குத் தட்டு இருக்காது."

"அதேதான்," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பகுதி சார் எழுதுனது," என்றார்.

மறுநாள் சார் வராண்டாவுக்கு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. "சரிம்மா, இனி உள்ள வா."

"வெளிய போகச் சொன்னப்ப எல்லாரும் இருந்தாங்க சார். கூப்புடுறதையும் அவங்க இருக்கப்பக் கூப்புடுங்க."

அவருக்கு முகம் கறுத்துப்போனது. திரும்பிப் போய்விட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று இரண்டு நாள் வராண்டாவையே பெருக்கினேன்.

மூன்றாம் நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தார். "தப்பு என் புரோகிராம்ல இருந்துச்சு. அம்மா மேல இல்ல," என்று மாணவர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள வாங்கம்மா," என்றார்.

வாங்க என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மணி இரண்டரை.