டின்னில் நுழையாத மஞ்சள் பூச்செடி

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் மண்ணில் பூச்செடி வைப்பதில்லை. ரோஜாவானாலும் துளசியானாலும் பழைய பெயிண்ட் டின்னில்தான். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். நாளைக்கே கிளம்பு என்றாலும் டின்னைத் தூக்கிக்கொண்டு போகலாம். அம்மா மட்டும், காய்கறி லோரி ஓட்டும் மாமா கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்த செடியை வாசலோரம் குழி தோண்டி நட்டுவிட்டார். முழங்கால் உயரம்கூட வளராத குட்டை ரகம். மஞ்சள் தூளைத் தூவியதுபோல் பூக்கும். அதன் பெயர் கோல்டன்ராட் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு நர்சரியில்தான் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கும் தெரிந்திருக்காது.

சிடாம் கிரிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தை விற்கப்போவதாக அப்போதே பேச்சு.

“இருப்பமா போவமான்னே தெரியல, இவ மண்ணுல நடுறாளாம்” என்றார் அப்பா.

“நான் பொறந்ததே இந்த லயத்துலதான். எங்க போறது?” என்றார் அம்மா.

பூ முடிந்ததும் தண்டு காய்ந்தது. அம்மா அதைத் தரையோடு வெட்டிவிட்டு, வெறும் மண்ணுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அது பெரிய புதிர். பள்ளி விட்டு வந்ததும் கரண்டியால் தோண்டிப் பார்ப்பேன். ஒருநாள் வேரில் வெள்ளை முளைகள், கோழிக்குஞ்சின் அலகுபோல. உள்ளே என்ன இருக்கிறதென்று ஒன்றை ஒடித்தேன். ஈரம்தான் இருந்தது. மூடிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் செடி பெரிய கொத்தானது. தோட்டமும் கைமாறியது. மாத முடிவுக்குள் காலி செய்யும்படி கணக்கெழுதும் கிராணி வீடு வீடாக வந்து சொன்னார். அக்கம்பக்கம் எல்லாரும் போனார்கள். அம்மா ஒரு பாத்திரத்தைக்கூடக் கட்டவில்லை.

சாமான் ஏற்ற லோரி வந்து நின்ற காலையில் அப்பா வாசலோரம் போனார். மண்வெட்டியை எடுத்துச் செடியைச் சுற்றித் தோண்டினார். கொத்து முழுதாக வந்தது. டின்னில் நுழையவில்லை.

“வெட்டவா?”

அம்மா தலையாட்டினார். ஒரே வெட்டு. ஒரு பாதி டின்னுக்குள் போனது. மற்றதை அம்மா அதே குழியில் வைத்து, மண் அணைத்து, தண்ணீர் ஊற்றினார். அடுத்த வாரம் லயத்தை இடிக்கிறார்கள் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அம்மா கை கழுவிவிட்டுப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போகும் வழியெல்லாம் டின் என் மடியில். எனக்கு ஒரே யோசனை.

“அம்மா, இப்ப எதும்மா நம்ம பழைய செடி? இதுவா, அங்க இருக்கே, அதுவா?”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று முறை கேட்டேன். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நினைத்து, நான்காவது முறை கேட்காமல் விட்டுவிட்டேன்.