காலியாக இருந்த பக்கம்

என் மனைவிக்கு வேலை, ஊரார் செய்த மருந்து ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்வது. வருஷக்கணக்காக இதே பிழைப்பு. கண் கெட்டதுதான் மிச்சம்.

இந்தத் தடவை வந்தது ஒற்றைத் தலைவலி மாத்திரை. எங்களோடு இருக்கும் அவள் தம்பிக்கும் அதே வலி; ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கிடப்பான். முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் இதே மாத்திரையைச் சோதித்தபோது இவனும் போய்ச் சேர்ந்தான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். இவனுக்கு வலி குறையவில்லை.

"எனக்கு மாவுதான் வந்திருக்கும் மாமா. நம்ம ராசி அப்படி," என்பான். அசல் மாத்திரை எப்போது கடைக்கு வரும் என்று காத்திருந்தான்.

கூட்டிப் பார்த்ததில் மருந்து நன்றாகவே கேட்டது. மச்சினன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! இவளோ ஆய்வுக்கு ஒரு புள்ளியாக வரைந்த படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"அதான் நல்லா வந்திருக்கே, இன்னும் என்னடி?"

"அதாங்க உதைக்குது. பெரிய ஆய்வுகள்ல பலன் துளியூண்டுதான். சின்ன ஆய்வுல ஆள் கம்மி, குருட்டாம்போக்குல சிலது நல்லா, சிலது மோசமான்னு ரெண்டு பக்கமும் சிதறணும். இங்க எல்லாம் நல்ல பக்கமே நிக்குது. மோசமான பக்கம் துடைச்சுவிட்ட மாதிரி காலி. கேட்கலன்னு வந்ததையெல்லாம் வெளியிடாம அமுக்கிட்டாங்க போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லாததைத் தேடி ஏன் உசுரை விடுறே? அறிக்கைல கையெழுத்தைப் போட்டுட்டுத் தூங்கு."

அவள் கேட்டால்தானே! ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக எழுதிக் கேட்டாள். பலர் வாயே திறக்கவில்லை. ஒரு டாக்டர் மட்டும், சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் வராததால் வெளியிடவில்லை என்று தன் ஆய்வை அனுப்பினார். மச்சினன் போன அதே ஆஸ்பத்திரி. மருந்துக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லை.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்ப எனக்குக் குடுத்தது அசல் மாத்திரையாக்கா?"

"தெரியலடா. எதைக் குடுத்திருந்தாலும் ஒண்ணுதான்."

"வலியோட வலியா வாராவாரம் போய், குறையல, குறையலன்னு சொன்னேனே. எழுதிக்கிட்டாங்களே. அது எங்கேயுமே வரலையா?"

"வரலடா."

"நீயாவது போடுக்கா. கேட்கலன்னே போடு."

அவள் அழுதுகொண்டே எழுதினாள்.