மூக்குக் குழாயோடு வந்த பிறந்தநாள்

காலைத் தேநீர் வலப்பக்க வாயோரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. கோப்பையில் வெடிப்பு இருக்கிறது, பார்த்து ஊற்றத் தெரியாதா என்று மனைவி றெஜினாவைக் கடிந்துகொண்டேன். அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் முச்சக்கர வண்டியில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் தளர்வது) என்றார்கள். வலது கையும் காலும் சோர்ந்தன, பேச்சுக் குழறியது. நான் கேள்விப்பட்டிராதது விழுங்கற் குறைபாடு (உணவும் நீரும் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடுவது). ஒரு வாய்த் தண்ணீர் போதும், நுரையீரலில் சளிக்காய்ச்சலைக் கொண்டுவர. ஆகவே மூக்குக் குழாய் (மூக்கு வழியாக வயிறுவரை செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டு, அதனுடனேயே கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் குழாயோடு இருக்கலாம். அவருக்காகவும், அவருக்கு அதில் உணவு ஊற்றுபவருக்காகவும் இதை எழுதுகிறேன். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை றெஜினா பெரிய ஊசிக்குழலில் சத்துமாக் கரைசலை ஏற்றுவாள். வயிறு நிறையும். வாய் மட்டும் நாள் முழுவதும் காத்திருக்கும்.

என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. அன்று காலை, எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குத் தேங்காய்ப்பாலில் காய்ச்சும் பாற்சோற்றை வாயால் உண்பது என்று முடிவெடுத்தேன். வெள்ளவத்தையிலிருந்து வாரம் இரு தடவை வந்த பேச்சுச் சிகிச்சையாளர் (விழுங்கவும் கற்றுக்கொடுப்பவர்) தந்த பயிற்சிகளை அவர் சொன்னதற்கு இரட்டிப்பாகச் செய்தேன். மகள் டிலானியிடம் சொல்லி, தேவாலயப் பாடகர் குழு நண்பர்கள் எட்டுப் பேரை அழைக்கவும் வைத்தேன்.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு சோதனை. சிகிச்சையாளர் ஒரு கரண்டி நீர் தந்து, என் தொண்டையில் விரல் வைத்து, "அங்கிள், இப்ப 'ஆ' எண்டு சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். குரலுக்குள் நீர் கொப்பளித்தது எனக்கே கேட்டது.

"குரல் ஈரமா இருக்கு, தண்ணி மூச்சுக் குழாய்ப் பக்கம் போகுது. இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பம்."

"நாளண்டைக்கு என்ர பிறந்தநாள், பிள்ளை."

"தெரியும் அங்கிள். உங்கட தொண்டைக்குத்தான் தெரியேல்லை."

நண்பர்களை வரவேண்டாம் என்றேன். பாற்சோறும் வேண்டாம் என்றேன். பயிற்சிகளையும் விட்டேன். கடவுளிடமும் கதைக்காமல் இருந்தேன்.

பிறந்தநாள் காலை, சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவை நாங்கள் சாத்துவதே இல்லை. கட்டிலில் கிடந்த என்னிடம் தேங்காய் முதற்பால் சோற்றோடு கொதிக்கும் வாசம் கதவின் கீழிடுக்கால் வந்தது. எனக்குத் தெரியாமல் தாயும் மகளும் சுவரோரம் நின்று தின்னப் பார்க்கிறார்கள் என்று விளங்கியது. முதலில் கோபம் வந்தது. அதன் பின்னால் ஒரு பழைய காலை வந்தது.

அந்தக் காலையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருமணமான சில ஆண்டுகளில் ஒரு பிறந்தநாள். றெஜினாவுக்குக் காய்ச்சல். ஆனாலும் எழும்பிப் பாற்சோறு காய்ச்சினாள், அது அடிப்பிடித்துவிட்டது. "இதை ஆர் தின்னுறது?" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கடையில் போய் ஆப்பம் சாப்பிட்டேன். வந்து அந்த ஆப்பத்தைப் புகழ்ந்தேன். பிறகு பல ஆண்டுகள் அதைப் பகிடியாக விருந்தாளிகளுக்குச் சொன்னேன். எத்தனையோ தடவை குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவன், இதை ஒருதடவையும் சொன்னதில்லை. பாவம் என்றே தோன்றவில்லை.

பிறந்தநாள்காரர் பாற்சோற்றின் முதல் துண்டைப் பக்கத்திலிருப்பவருக்கு ஊட்டுவது எங்கள் வழக்கம். அதையும் நான் செய்ததில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு எழும்புவேன். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

நடைச்சட்டத்தைப் பிடித்துப் போய்க் கதவைத் தட்டினேன். "மேசைக்குக் கொண்டு வாங்கோ."

"இஞ்சாருங்கோ, நீங்கள் பாத்துக்கொண்டிருக்க நான் எப்பிடித் தின்னுறது?" என்றாள் றெஜினா.

"இவ்வளவு வருசமும் நான் தின்ன நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனீ. இரு."

கதிரையை இழுத்து இருந்தாள். உணவுக்கு முன் சொல்லும் செபத்தைக் குழறிக் குழறிச் சொன்னேன். என் தட்டு இல்லாத மேசையில் நான் நன்றி சொன்னது அதுவே முதல் தடவை. ஆண்டவரே, இவள் இருந்து உண்பதற்காக நன்றி என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொன்னபோது மனதில் குறை இருக்கவில்லை.

வலது கையாலேயே ஊட்டுவதென்று பிடிவாதமாக இருந்தேன். முதல் துண்டு மேசையில் விழுந்தது. இரண்டாவது அவள் மூக்கில் இடித்தது.

"டடி, வீட்டில மூக்கால சாப்பிட ஒரு ஆள் போதும்" என்றாள் டிலானி.

மூன்றாவது வாய்க்குள் போனது. றெஜினா மெல்லும்வரை காத்திருந்து, "அண்டைக்கு அடிப்பிடிச்ச சோத்துக்கு என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"அதை அண்டைக்கே நான் திண்டு முடிச்சிட்டன். இப்ப ஏன் திருப்பி அடுப்பில வைக்கிறீங்கள்?" என்றாள். ஆனால் அடுத்த துண்டை எடுக்க அவளுக்கு நேரமெடுத்தது.

அவள் காய்ச்சும் விதம் இது. இரண்டு கோப்பை வெள்ளைப் பச்சையரிசியை நான்கு கோப்பை நீரில் நன்றாகக் குழையும்வரை அவிக்க வேண்டும். நீர் வற்றியதும் நெருப்பை மிகவும் குறைத்து, இரண்டு கோப்பை தேங்காய் முதற்பாலில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றி, கையெடுக்காமல் கிளற வேண்டும். அடிப்பிடிப்பது இந்த இடத்தில்தான். இறுகியதும் தட்டில் கொட்டி, வாழையிலைத் துண்டால் அழுத்தி மட்டப்படுத்தி, சற்று ஆறவிட்டுச் சாய்சதுரமாக வெட்டலாம். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு இடித்துத் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்த சம்பல் தொட்டுக்கொள்ள.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு இந்தத் துண்டைத் தரவேண்டாம், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். சிகிச்சையாளர் சம்மதித்த பிறகு மட்டும், இன்னும் இரண்டு கோப்பை நீர் கூட்டி அவித்து, அரிதட்டில் மசித்து, பால் சேர்த்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழுகும் பதத்தில் தாருங்கள். சம்பல் வேண்டாம்.

அன்று பகலே பயிற்சிகளை மறுபடி தொடங்கினேன். ஏழு வாரம் கழித்துக் குரல் ஈரமில்லாமல் வந்தது. அடுத்த வாரம் குழாயை எடுத்தார்கள். றெஜினா மசித்த பாற்சோறு வைத்தாள்.

இப்போது ஒரு கோப்பைச் சோற்றுக்கு எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும். நாடியை (மோவாயை) நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்குகிறேன். எதிரே ஒருவர் இருந்து கவனிக்க வேண்டும் என்பது சிகிச்சையாளரின் கட்டளை. ஆகவே றெஜினாவும் தன் தட்டோடு எதிரே இருக்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "ஆ" என்கிறேன். அவள் மெல்லுவதை நிறுத்திக் காதுகொடுக்கிறாள். ஈரமில்லையென்று தலையசைத்தால்தான் அடுத்த கரண்டி.