அடி தெரியாத தண்ணீர்

சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்கள், இரண்டு மருந்துப் புட்டிகள். அடையாறில் ஒரு தனியார் நீச்சல் குளத்தில் நான் பயிற்சியாளராக வேலை பார்த்தபோது, தினமும் விடிந்ததும் அந்தப் பெட்டியோடு குளத்தோரம் குந்தியிருப்பார் மாமா. இரண்டு குழாய்களிலும் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒன்று மஞ்சளாகி, குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். மற்றது சிவந்து, தண்ணீரில் காரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். பிறகுதான் ஃபில்டர் அறைக்குள் போவார்.

குளத்தைப் பராமரிப்பது அவர் வேலை. சொந்த ஊர் நொச்சிக்குப்பம். இருபது வருடம் கடலுக்குப் போனவர். கரையோர அலையில் படகு கவிழ்ந்து தோள் இறங்கிப்போனதால் வலை இழுக்க முடியாமல் இங்கே வந்தார். மேனேஜரிலிருந்து பிள்ளைகள்வரை எல்லோருக்கும் அவர் மாமாதான். எனக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதல் எதுவும் இருந்ததில்லை. எனக்குக் குளம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அவருக்கு அவ்வப்போது மூட வேண்டும். எங்கள் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் மழை ஓய்ந்த கையோடு குளத்துச் சுவர்களில் பாசி பிடித்து, தண்ணீர் இளம் பச்சையாகிவிட்டது. ஒரே தடவையில் நிறையக் குளோரின் போட்டுப் பாசியைக் கொல்ல வேண்டும், அதற்கு முன்னால் காரத்தைக் குறைத்தாக வேண்டும் என்று மாமா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொன்னார். நாங்கள் ஊற்றுவது போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். குழாயில் மருந்து விட்டால் இளஞ்சிவப்புக்குப் பதில் கத்தரிப்பூ நிறம் வந்தது. அந்தத் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, உப்பெல்லாம் திரண்டு பால் மாதிரி கலங்கிவிடும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் விட்டு, மோட்டார் ஓட்டி, மறுபடி பார்த்து, நிறம் சரியான பிறகு வெயில் தாழ்ந்ததும் குளோரின். மூன்று நாள் மூட வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளுக்குத் தேர்வுப் போட்டி. மூன்று மாதம் பழகிய பத்துப் பிள்ளைகள். நான் நேராக மேனேஜரிடம் போய், மாமா எதற்கெடுத்தாலும் குளத்தை மூடுகிறார் என்று புகார் சொன்னேன். மேனேஜர் அவரை வரவழைத்து, அன்று சாயங்காலமே குளோரினைப் போட்டுவிடச் சொன்னார். மாமா வாதாடவில்லை. "சொல்லிட்டேன் சார். போடச் சொல்றீங்க, போட்டுட்றேன்" என்றார்.

சனிக்கிழமை காலை பச்சை போயிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கத் தண்ணீர் வெளிர் நீலமாக அழகாகவே இருந்தது. கிட்டே போனால், பால் மாதிரி கலங்கி, முழங்கை ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பெற்றோர்கள் துண்டும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேடம், மேல பாத்தா நல்லாத்தான் கீது. அடி தெர்ல. பசங்கள ஆழத்துல உடாதீங்க."

எல்லோரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மாமா, பயப்படாதீர்கள் என்றேன். அவர் ஃபில்டர் அறைக்குப் போகவில்லை. ஆழமான பக்கத்து விளிம்பில், வேலைக்குக் கழற்றும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காவது சுற்றில் தண்ணீரில் ஒன்பது மஞ்சள் தொப்பிகள்தான் இருந்தன. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். அலறல் இல்லை, கை அடிப்பு இல்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்தியைக் காணோம். விசிலை ஊதிவிட்டு, எங்கே குதிப்பது என்று தெரியாமல் நின்றேன். பத்து வருடமாக நீச்சல் சொல்லித் தருகிறவள், விளிம்பில் நின்று வெள்ளைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமா குதித்திருந்தார். கண்ணால் தேட வழியில்லை. அடித்தரையை ஒட்டியே கைகளை விரித்துத் துழாவிக்கொண்டு போயிருக்கிறார். ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி மூழ்கினார். இரண்டாம் முறை வரும்போது, நல்ல தோளில் அந்தப் பெண் கிடந்தாள்.

குப்புறப் பிடித்ததும் தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, பிறகு அழுகை வந்தது. காலில் சதை பிடித்துக்கொண்டதாம். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போட்டிக்கு நாங்கள் போகவில்லை. ஞாயிறு காலை மேனேஜர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். பராமரிப்பாளர் தண்ணீரைச் சரிவரக் கவனிக்காததாலும், அதன் நிலையை யாருக்கும் தெரிவிக்காததாலும் நேர்ந்த விபத்து என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அந்தக் கணம் மறுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கடன், தனியாளாக வளர்க்கும் மகன், எல்லாம் மனதில் ஓடின.

சாயங்காலம் நொச்சிக்குப்பம் போனேன். சாலையோரம் அவர் மனைவி மீன் விற்றுக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தார். தோள் மறுபடி வீங்கியிருந்தது. அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"புள்ள இன்னா சாப்டுச்சு?"

இட்லி சாப்பிட்டாளாம் என்றேன். தலையாட்டினார். மனைவி ஒரு வாடிக்கைக்காரருக்கு வஞ்சிரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"உனக்கும் புள்ள கீது. இன்னா வேணா எழுதிக்கோமா. நா சொல்லலன்னு மட்டும் எழுதாத."

அதுவரை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர். அவர் மனைவி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல், நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மாமா இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் நான் கேட்கவில்லை, குளோரினை உடனே போடச் சொன்னது நிர்வாகம் என்று எழுதினேன். பிரதியைப் பெண்ணின் அப்பாவிடமும் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டினார், திட்ட வேண்டியதுதான். ஆனால் மாமாவை வேலையிலிருந்து எடுத்தால் சும்மா விடமாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னாராம். மாமா வேலையில் நீடித்தார். என்னை மாதக் கடைசியோடு நிற்கச் சொன்னார்கள்.

இப்போது கே.கே. நகரில் வேறொரு குளத்தில் பயிற்சி தருகிறேன். தண்ணீரின் அடி தெரியவில்லை என்றால் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறிடம் போன பெற்றோர்கள் உண்டு. அவர்கள் யாருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

என்னை நிற்கச் சொன்னபோது மாத முடிவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அடையாறில் எனக்கு அதுவே கடைசி வாரம். மாமா குளத்தை மூடி, அவர் முறைப்படியே எல்லாம் செய்தார். கலங்கல் முழுக்க ஃபில்டரில் போக மூன்று நாள். ஆசிட் விட்டு நிறம் சரியாக ஒரு நாள். அதன் பிறகு ஒரு மாலையில் குளோரின். அவருக்குத் தோள் முடியாததால் சுவர்களை நான் தேய்த்துக் கொடுத்தேன். குளோரின் அளவு இறங்கும்வரை இன்னும் இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் காலை குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ மொதல்ல எறங்கிப் பாரு. அப்பறம் பசங்க."

இறங்கினேன். நீச்சல் கண்ணாடியோடு ஆழமான பக்கம் போய் மூழ்கி, அடியில் வடிகாலை மூடியிருக்கும் கம்பி வலையைக் கையால் தொட்டு, திரும்பி மேலே பார்த்தேன். பன்னிரண்டடித் தண்ணீருக்கு அப்பால் மாமா விளிம்பில் குனிந்து நின்றிருந்தார். அவர் சட்டைப் பொத்தான்களை என்னால் எண்ண முடிந்தது.