அம்மா சொல்லாத பெயர்

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை 10.20. மரக்காணத்தில் தூறல். முந்தின இரண்டு நாள் மழையில் உப்பளப் பாத்திகள் ஏரி மாதிரி கிடந்தன. உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நான் குடையை மடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தேன். அது நாற்பத்தோராவது முறை.

இரண்டாம் உலகப் போரில் என் அப்பா பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியபோது நான் அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம். அவர் திரும்பவில்லை. காணவில்லை என்று அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்ததாம். அதையும் கரையான் தின்றுவிட்டது. "செத்தத யாரு பாத்தா?" என்று கேட்டுக் கேட்டே அம்மா கடைசிவரை பொட்டும் தாலியுமாக உப்பு வாரினாள். அவள் போன பிறகும் அவள் பேச்சை மீறி அப்பாவுக்குத் திதி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே கடற்கரையில் நின்று அப்பன் பாட்டன் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடும். நான் மட்டும் மற்றவர்களின் செருப்புக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். எனக்குப் பிறகு இதைச் செய்ய ஆள் இல்லை. அப்பா இறந்தது உண்மையானால் அந்த நாளாவது தெரிய வேண்டும், ஒரு தடவையாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற கவலை என்னைத் தூங்கவிடவில்லை. போரில் இறந்த சிப்பாய்களின் பட்டியல் இணையத்தில் இருப்பதாக மகள்தான் போனில் சொன்னாள். வெங்கடேசன் என்ற பெயரில் தேடினோம். பதினேழு வெங்கடேசன்கள் கிடைத்தார்கள். ஒருவரும் எங்கள் ஊர் இல்லை.

சென்டரை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அனுமந்தை ஊர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "வா தாத்தா, மழையில கூடவா? உங்கப்பா எங்கயும் ஓடிட மாட்டாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது விண்ணப்பம் நிரப்ப ஒரு மீனவப் பெண் வந்தார். "வீட்டுக்காரர் பேரு இன்னாக்கா?" என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டே ரேஷன் கார்டை நீட்டினார். அதைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்த சென்டர் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"தாத்தா, உங்கம்மா வாயால அந்தப் பேரச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் 'பட்டாளத்தார்', அவ்வளவுதான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய பெரியவர்கள் எனக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார்கள். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தகப்பன் பெயரை வாத்தியார் கேட்க, "திருப்பதி சாமி பேருங்க" என்றாளாம் அம்மா. அவர் வெங்கடேசன் என்று எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டார். "ஐய, தாத்தா! திருப்பதி சாமிக்கு ஒரே பேரா? நம்ம பக்கம் தெருவுக்கு நாலு ஏழுமலை இருக்கானே!"

வானூரில் முப்பத்து நான்கு வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். இப்படிக் கார்டை நீட்டிய பெண்கள் எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதியிருப்பேன்! எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் ஏழுமலை என்று தட்டித் தேடினார். இரண்டாம் பக்கத்தில் ஆறாவது வரி. ஏழுமலை. தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் அப்பா பெயர், சரியாக. இன்னாரின் கணவர் என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர். ஊர் மரக்காணம், தென்னாற்காடு. அவள் ஒரு நாளும் வாயில் எடுக்காத பெயருக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். இறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டேன். அன்று எனக்குப் பதினோரு மாதம், நான்கு நாள். அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருஷம் அம்மா வழி பார்த்திருக்கிறாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா என்றும் தெரியவில்லை.

"அழாத தாத்தா, டீ சொல்றேன்" என்றார் அந்தப் பெண். பிரிண்டுக்குப் பணம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

பஞ்சாங்கத்தில் பார்த்தபோது திதி கார்த்திகையில் வந்தது. கடற்கரையில் ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டி, அப்பா பெயரைச் சொல்லச் சொன்னார். முணுமுணுத்தேன். "அலைச் சத்தத்துல கேக்கல, சத்தமா சொல்லுங்கோ" என்றார். மூன்று தடவை சொன்னேன். அவர் போதும் என்ற பிறகும் இன்னொரு தடவை, கடலைப் பார்த்து, ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னேன். பதிலை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

பிரிண்டுக்குப் பத்து, ஐயருக்கு ஐந்நூறு, எள்ளும் தர்ப்பையும் நாற்பது, ஆட்டோ அறுபது. என் அப்பாவை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு எண்பத்திரண்டு வருஷமும் அறுநூற்றுப் பத்து ரூபாயும் ஆயிற்று.