காலியாக விடாத கட்டம்

என் மகள் இயந்திர பாகங்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைபவள். பொறியியல் முடித்து ஒன்றரை ஆண்டாக வேலையில்லை. சென்னை நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே எழுதும்படி தேர்வு வைத்தது. தேறினால் வேலை. அவர்களுடைய மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எங்கள் கணினியில் இருப்பது லினக்ஸ். அதை அழிக்காமல், அதற்குள்ளேயே விண்டோஸுக்கென்று ஒரு மெய்நிகர் கணினியை அவள் உருவாக்கினாள். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி என்று எனக்கு விளக்கினாள்.

படங்களைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் கார்டை அந்த உள்பெட்டிக்குக் கொடுத்து, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றினாள். உடனே ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து, கார்டில் கோளாறு, நிறுத்திவிட்டோம் என்றது. பழைய டிரைவர், புதிய டிரைவர், எதை ஏற்றினாலும் அதே முக்கோணம். பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள கடைக்காரர் கழற்றிக்கூடப் பார்க்காமல், கார்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்றார்.

கார்டு நன்றாகத்தான் இருந்தது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறோம் என்று தெரிந்தால் அந்த டிரைவர் வேலை செய்ய மறுக்குமாம். வாங்கிய பொருளை எங்கே வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல, கார்டைத் தயாரித்த இவர்கள் யார்? மூன்றாம் நாள் அவள் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து, அந்த விஷயத்தை டிரைவருக்குத் தெரியாமல் மறைத்தாள். முக்கோணம் போனது. திரையில் ஒரு பற்சக்கரம் தடங்கலில்லாமல் சுழன்றது.

தேர்வு நாள் கிருத்திகை. மலைக்குப் போகும் காவடிகளின் மேளம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான்கு மணி நேரம் வரைந்தாள். கடைசியில் ஒரு உறுதிமொழிப் படிவம். அதில் கடைசிக் கட்டம், வேறு குறிப்புகள். அதை அவள் காலியாக விட்டிருந்தாள்.

நான் தாலுகா அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தர். எங்கள் பிரிவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனு திரும்பி வரும். ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்றாவது எழுத வேண்டும்.

“அத்த காலியா வுடாதம்மா. மெய்நிகர் கணினி, டிரைவர சரி பண்ணது, எல்லாத்தையும் எழுதிடு.”

“அவங்க கேக்கல நைனா.”

“கேக்கலன்னாலும் நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. எழுது.”

எழுதினாள். நான் படித்துப் பார்த்து ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தினேன்.

நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது. மெய்நிகர் கணினியில் தேர்வு எழுதியது, அதை மறைக்க அமைப்பை மாற்றியது, இரண்டும் முறைகேடு, தகுதி நீக்கம். தானாக முன்வந்து சொன்னவளுக்கு மறைத்தாள் என்று பெயர்.

போன் செய்து கத்தினேன். விதிமுறையில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எதிர்முனையில் பேசிய இளைஞர் தேடிப் பார்த்துவிட்டு, எழுதியிருக்காது, பொதுவான நடைமுறை என்றார். வரைந்தது எப்படி இருந்தது என்றேன். நன்றாகத்தான் இருந்தது என்றார். பிறகு ஆறுதல் சொல்கிற குரலில், “நீங்க அத எழுதாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது சார்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். இரண்டு வாரமாகியும் அந்த ஆறுதல் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என்மேலும்.

“இன்னா சொன்னாங்க நைனா?” என்று மகள் கேட்டாள். விதியாம் என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கணினி முன் உட்கார்ந்து அந்த மெய்நிகர் கணினியைத் தேர்ந்தெடுத்து நீக்கப் போனாள். உறுதியா என்று திரை கேட்டது.

“வேணாம்மா. மூணு நாள் உழைச்சது. இன்னொரு எடத்துல தேர்வு வந்தா ஒதவும்.”

அவள் திரும்பவில்லை.

“அங்கயும் இதயே எழுதச் சொல்லுவியே நைனா.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் அழிந்து முடியும்வரை அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.